தட்டிக்கு அந்தப் பக்கம்

திருப்பதியில் ஒரு பெண்கள் கல்லூரியில் முப்பது வருஷத்துக்கு மேல் அரசியல் சாசனம் நடத்தினேன். தெலுங்கில் நடத்தினேன். ஒவ்வொரு வருஷமும் ஜூலை மாதத்தில் கரும்பலகையில் மூன்று கட்டம் போடுவேன். மத்தியப் பட்டியல், மாநிலப் பட்டியல், பொதுப் பட்டியல். ராணுவமும் ரயிலும் தபாலும் முதல் கட்டத்தில். போலீசும் நிலமும் ஆஸ்பத்திரியும் இரண்டாவதில். இருவரும் கைவைக்கக்கூடியதெல்லாம் மூன்றாவதில். பிள்ளைகள் ஸ்கேல் வைத்து நோட்டில் வரைந்துகொள்வார்கள். யாருக்கு எது என்று அதிகாரத்தைப் பிரித்து வைத்திருப்பதால் ஒருவரும் தான்தோன்றித்தனமாக நடக்க முடியாது, குடிமகனுக்கு அதுதான் காவல் என்று பாடத்தின் கடைசி வரியைச் சொல்வேன். அந்த வரியை நான் ஒரு நாளும் நம்பியதில்லை. வாங்கிய சம்பளத்துக்குச் சொன்னேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் கல்வியை மாநிலப் பட்டியலிலிருந்து எடுத்துப் பொதுப் பட்டியலில் போட்டார்கள். நானும் இரண்டாவது கட்டத்தில் அழித்து மூன்றாவதில் எழுதினேன். சிரிப்பு வந்துவிட்டது. முன் பெஞ்சில் இருந்த ஒரு பெண், "ஏன் மேடம் சிரிக்கிறீர்கள்?" என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன். கல்வி இரண்டாவது கட்டத்தில் இருந்தபோதுதான் என் அத்தையின் வேலை போயிற்று. கட்டம் மாறிவிட்டது என்று யாரும் அவளைக் கூப்பிட்டுத் திருப்பிக் கொடுக்கவில்லை.

அத்தை என்றால் என் நைனாவின் ஒரே தங்கை. கட்டிக்கொடுத்த இடத்தில் ஒரு வருஷம்கூடத் தங்கவிடாமல் அனுப்பிவிட்டார்கள். வாழாவெட்டி என்று ஊர் வாயைத் திறப்பதற்குள் நைனா அவளை வேலூருக்குக் கூட்டிப்போய் ஆசிரியைப் பயிற்சியில் சேர்த்தார். இதை நான் மறைக்கமாட்டேன். அவளை ஆளாக்கியதும் அவர்தான்.

எங்கள் ஊர் நகரிக்குக் கிழக்கே இருக்கிறது. கரும்பும் வேர்க்கடலையும் போடுகிற குடும்பங்கள். வீட்டுக்குள் தமிழ். வெல்லம் விற்கச் சித்தூர் மண்டிக்குப் போனால் தெலுங்கு, தாலூக்கா கச்சேரியில் தெலுங்கு, பக்கத்துத் தெருவில் பெண் கொடுக்காத, ஆனால் கல்யாணத்துக்குப் பந்தல் போட வருகிற தெலுங்குக் குடும்பங்களோடு இரண்டும் கலந்து. வந்தவர் எந்தப் பாஷையோ அந்தப் பாஷையில் பதில் சொல்வது எங்கள் ஊர் மரியாதை. தண்ணீர்ச் சொம்பை நீட்டுவதற்கு முன்னால் அதை நீட்டிவிடுவோம். உத்தியோகஸ்தர் யாராவது வாசலில் நின்றால், அவருக்குத் தமிழ் தெரிந்திருந்தாலும்கூட, நம்மவர்கள் துண்டை இடுப்பில் இறக்கிக்கொண்டு தெலுங்கில்தான் ஆரம்பிப்பார்கள். தன் பாஷையை ஆபீசர் முன்னால் எடுப்பது, கோவணத்தோடு போய் நிற்பதுபோல ஒரு கூச்சம்.

ஆந்திரா பிரிவதற்கு முன், எல்லோரும் சென்னை ராஜ்யத்தில் இருந்த நாளில், ஜனத்தொகைக் கணக்கெடுக்க ஒரு வாத்தியார் வந்தார். சந்திரகிரிப் பக்கத்துக்காரர். நைனா அவரைப் புங்கமரத்தடியில் கட்டில் போட்டு உட்கார வைத்து மோர் கொடுத்தார். பிறகு தானே கூட நடந்து வீடு வீடாகக் கூட்டிப்போனார். தாய்மொழி எது என்று வாத்தியார் தெலுங்கில் கேட்டார். "ரெண்டும் பேசுவோமுங்க" என்று எங்கள் சனமும் தெலுங்கில் சொன்னது. ஒன்றைத்தான் எழுத முடியும், மற்றதை அடுத்த இடத்தில், தெரிந்த பாஷை என்று எழுதிக்கொள்ளலாம் என்றார் அவர். நைனாவுக்கு ஒரு யோசனையும் தேவைப்படவில்லை. வெயிலில் வந்த மனுஷனிடம் அவருடைய பாஷையைப் பின்னால் தள்ளச் சொல்வதா? "தெலுகே ராசுகோண்டி" என்றார். தெலுங்கே எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வாசலிலும் அதையே சொன்னார். தமிழை அடுத்த இடத்தில் எழுதினார்கள். யாருக்கும் மனக்குறை இல்லை. நான் அப்போது கைக்குழந்தை. பேச்சே வராத எனக்கும் தெலுங்கு என்று எழுதியிருப்பார்கள்.

அந்த வாத்தியாரை நான் குறை சொல்லமாட்டேன். சொன்னதை எழுதினார். மோர் நன்றாக இருந்தது என்றும் சொல்லிவிட்டுப் போனாராம்.

பிறகு ஆந்திர ராஜ்யம் பிரிந்தது. சித்தூர் ஜில்லா முழுக்க அதில் சேர்ந்தது. அப்போதுதான் நைனாவுக்குத் தமிழ் ரத்தம் கொதித்தது. எல்லைக் கூட்டங்களுக்குப் போனார், கறுப்புக்கொடி பிடித்தார், தண்டவாளத்தில் உட்கார்ந்தார், சித்தூர் சப்ஜெயிலில் கொஞ்சநாள் கேழ்வரகுக் களி தின்றுவிட்டு வந்தார். வந்தவருக்கு ஊரே மாலை போட்டது. அம்மாதான், "எல்லையைக் காப்பாத்த போய்க்கினே இரு. ஊட்டு மேல ஓலை கீதா இல்லியான்னு என்னிக்காவது பார்த்தியா?" என்று கேட்டாள். அம்மாவுக்கு அரசியல் தெரியாது என்று நைனா சொல்லுவார்.

அத்தைக்கு அந்தச் சமயத்தில்தான் எங்கள் ஊர்ப் பள்ளியிலேயே ஜில்லா போர்டு வேலை கிடைத்திருந்தது. பள்ளி என்றால் ஒரே ஹால். நடுவில் ஒரு மூங்கில் தட்டி. அந்தப் பக்கம் தெலுங்குப் பிரிவு, தலைமை ஆசிரியர் பார்த்துக்கொண்டார். இந்தப் பக்கம் தமிழ்ப் பிரிவு, ஒன்றிலிருந்து ஐந்துவரை எல்லாமே அத்தைதான். அவர்கள் வாய்ப்பாடு சொன்னால் எங்களுக்குக் கேட்கும். நாங்கள் ஆத்திசூடி சொன்னால் அவர்களும் சேர்ந்து சொல்லிவிட்டு அடி வாங்குவார்கள். அத்தை காலையில் வெள்ளைப் புடவையில் நீலக்கரை போட்டது கட்டி, குடையோடு தெருவில் நடந்து போவாள். அனுப்பிவிடப்பட்டவள் என்ற பேச்சு அந்தக் குடையைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. "டீச்சரம்மா" என்றுதான் கூப்பிட்டார்கள். அந்த வேலை அவளுக்குச் சோறு மட்டும் இல்லை. அது இல்லையென்றால் அவள் மறுபடியும் வாழாவெட்டி, அவ்வளவுதான்.

எல்லையைத் தீர்த்து வைக்கத் தில்லியிலிருந்து ஒரு மத்தியஸ்தரைப் போட்டார்கள். கிராமத்தை அலகாக வைப்பது, எந்தப் பாஷைக்காரர் பாதிக்கு மேலோ அந்த ராஜ்யத்தில் சேர்ப்பது, இடம் தொடர்ச்சியாக இருக்க வேண்டும், இதுதான் கொள்கை. கேட்க நியாயமாகத்தான் இருந்தது. நைனா புது வேட்டி கட்டிக்கொண்டு, பெரியவர்கள் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு, புத்தூரில் ஒரு அதிகாரியைப் பார்க்கப் போனார். திரும்பி வந்து அவர் சொல்லாமல் விட்டதை, கூடப் போனவர்கள் ஊர் முழுக்கச் சொன்னார்கள்.

அதிகாரி கணக்கைப் புரட்டிப் பார்த்து, உங்கள் ஊரில் பெரும்பாலோர் தெலுங்கு என்றல்லவா இருக்கிறது என்றாராம்.

"அது மரியாதைக்குச் சொன்னதுங்க" என்றாராம் நைனா.

அதையும் தெலுங்கில்தான் சொன்னாராம்.

அதிகாரி சிரித்தாராம். எங்கள் ஊரில் நாங்கள் அதற்குப் பிறகு எத்தனையோ தடவை சொல்லிச் சிரித்திருக்கிறோம். வயிற்றெரிச்சலைச் சிரித்துத்தான் ஆற்ற வேண்டியிருந்தது.

இதைத்தான் பின்னாளில் நான் பாடமாக நடத்தினேன். ராஜ்யத்தின் எல்லையை மாற்றுவது பாராளுமன்றத்தின் அதிகாரம். மூன்றாவது ஷரத்து. சம்பந்தப்பட்ட சட்டசபைகளின் அபிப்பிராயத்தைக் கேட்க வேண்டும். கேட்டால் போதும், ஏற்க வேண்டும் என்று கட்டாயமில்லை. சட்டசபையின் அபிப்பிராயத்துக்கே அந்தக் கதி என்றால் ஊரின் அபிப்பிராயத்தை யார் கேட்பார்கள்? எந்தப் பட்டியலிலும் ஊருக்கு இடமில்லை. திருத்தணி சென்னை ராஜ்யத்துக்குப் போயிற்று. ஓடைக்கு அந்தண்டை இருந்த, அம்மா பிறந்த ஊரும் போயிற்று. அங்கே கணக்கெடுக்கப் போனவருக்கு மோர் கொடுக்க ஆளில்லையோ என்னவோ. நாங்கள் இங்கேயே நின்றோம். அம்மா ஒரு சட்டி மீன்குழம்பைத் தன் அண்ணன் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனால் ராஜ்யம் விட்டு ராஜ்யம் போனாள்.

நைனா தோற்றதை ஒத்துக்கொள்ளவில்லை. தோற்றவர் வாய் சும்மா இருக்காது. நகரியில் ஒரு வக்கீல் குமாஸ்தாவிடம் கேட்டுக் கேட்டு சாசனத்தை மனப்பாடம் செய்தார். மொழிச் சிறுபான்மையினர் குழந்தைகளுக்கு ஆரம்பக் கல்வியைத் தாய்மொழியில் கொடுக்க ஒவ்வொரு ராஜ்யமும் முயல வேண்டும் என்று ஒரு ஷரத்து புதிதாகச் சேர்த்திருந்தார்கள். முந்நூற்றைம்பதாவதின் வாலில் ஒட்டிய ஷரத்து. அதைச் சாமி பெயர்போலச் சொல்லிக்கொண்டு திரிந்தார். டீக்கடையில், களத்துமேட்டில், கரும்பு ஆலையில். ஊரில் அவருக்கு 'ஷரத்து' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். "ஷரத்து வர்றாரு, பெஞ்சைத் தொடைங்கடா" என்பார்கள்.

தமிழ்ப் பிரிவுக்குப் பாடப் புத்தகம் வரவில்லை. தமிழ்ப் புத்தகம் அச்சடிப்பது சென்னை ராஜ்யம். வாங்கித் தரவேண்டியது ஆந்திரா. ஒருவர் அனுப்பவில்லை, ஒருவர் கேட்கவில்லை. எங்களிடம் இருந்த பழைய புத்தகங்களில் நாங்கள் இன்னும் சென்னை ராஜ்யத்தில்தான் இருந்தோம். நைனா உடனே ஜனாதிபதிக்கே மனு எழுதினார். தில்லியில் மொழிச் சிறுபான்மையினருக்கென்று ஒரு அதிகாரி உண்டு. அவர் விசாரித்து ஜனாதிபதிக்கு அறிக்கை கொடுப்பார், அவ்வளவுதான் அவர் அதிகாரம். கல்வி மாநில விஷயம் என்று மனுவை ஐதராபாத்துக்கு அனுப்பினார்கள். ஐதராபாத்தில், ஆரம்பப் பள்ளி ஜில்லாவின் பொறுப்பு என்று சித்தூருக்கு அனுப்பினார்கள். சித்தூரிலிருந்து பஞ்சாயத்து சமிதி ஆபீசுக்கு வந்தது. சமிதியிலிருந்து பள்ளித் தலைமை ஆசிரியருக்கு. அவர், தமிழ்ப் பிரிவு சம்பந்தப்பட்டது என்று குறிப்பு எழுதி, தட்டிக்கு மேலே கையை நீட்டி அத்தையிடம் கொடுத்துவிட்டார். 'தக்க நடவடிக்கைக்காக.'

அண்ணன் ஜனாதிபதிக்கு எழுதிய மனுவுக்குத் தங்கை பதில் எழுத வேண்டும்.

அன்று மத்தியானம் அத்தை வீட்டுக்கு வந்து அதைச் சொன்னபோது சிரிப்பில் அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "ஏண்ணா, தில்லிக்கிப் போனது சுத்திக்கினு நம்ம ஊட்டுக்கே வந்துகிச்சு. இன்னா பதில் எழுதட்டும், சொல்லு. புஸ்தகம் வரல, டீச்சரு நான்தான், எங்க அண்ணன் சொல்றதெல்லாம் நெசம்னு எழுதட்டுமா?"

நைனாவும் சிரித்தார். "எழுது, எழுது. ஜனாதிபதி படிக்கட்டும்."

அவர்கள் இருவரும் சேர்ந்து சிரித்து நான் பார்த்தது அதுதான் கடைசி. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்று சொல்வார்கள். எங்களுக்குப் பூசாரிகள் வரிசையாக நின்றார்கள். யாரும் மாட்டேன் என்று சொல்லவில்லை, அடுத்த சந்நிதியைக் காட்டினார்கள். அதுதான் அதிகாரப் பகிர்வு. ஒரே ராஜா இருந்தால் அவன் வாசலில் மண்ணை வாரித் தூற்றிவிட்டாவது வரலாம். இத்தனை வாசலில் எந்த வாசலில் தூற்றுவது?

தமிழ்ப் பிரிவு நடக்கக் குறைந்தபட்சம் இத்தனை பிள்ளைகள் என்று ஒரு விதி இருந்தது. வருஷா வருஷம் தமிழ்ப் பக்கம் குறைந்துகொண்டே வந்தது. சிலர் ஓடை தாண்டிச் சொந்தக்காரர் ஊரில் விட்டார்கள், சிலர் பேசாமல் தட்டிக்கு அந்தப் பக்கம் மாற்றிக்கொண்டார்கள். அத்தை சாயங்காலம் வீடு வீடாகப் போய்க் கெஞ்சுவாள். அவள் பின்னாலேயே நைனாவும் போய் ஷரத்து சொல்லுவார். "தாய்ப்பாலை வுட்டுட்டு இன்னொருத்தி கிட்ட போய் குடிப்பானாடா ஒருத்தன்?" என்று பிள்ளைகளை மாற்றியவர்களை நடுத்தெருவில் திட்டியிருக்கிறார். ஒரு வருஷம் இன்ஸ்பெக்டர் வந்து தலையை எண்ணினார். விதிக்குச் சரியாக இருந்தது. "ஒண்ணு குறைஞ்சாலும் எடுத்துடுவேன், டீச்சரம்மா. என் கையில் ஒண்ணுமில்லை" என்று தெலுங்கில் சொல்லிவிட்டுப் போனார். அந்தத் தலைகளில் ஒன்று நான்.

அந்த வருஷக் கோடை விடுமுறையில் அம்மாவின் அண்ணன் மகன் எங்கள் வீட்டுக்கு வந்தான். தமிழில் படித்துத் தேறியவன். சித்தூரில் ஏதோ குமாஸ்தா வேலைக்கு மனுப் போட்டு, தெலுங்கு எழுதத் தெரியாது, ராஜ்யமும் வேறு என்று திருப்பி அனுப்பப்பட்டிருந்தான். முற்றத்தில் உட்கார்ந்து சாப்பிடாமல் கை காயக் காய அழுதான். நைனா அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு சில நாள் டீக்கடைப் பக்கம் போகவில்லை. ஷரத்தும் சொல்லவில்லை.

பள்ளி திறக்கப் போகும் சமயத்தில், மத்தியானச் சாப்பாட்டின்போது பேச்சை எடுத்தார்.

"பொண்ணை இந்த வருஷம் தெலுங்குல போட்டுடலாம்னு பாக்கறேன்."

அத்தை ரசம் ஊற்றிக்கொண்டிருந்தாள். கரண்டி அப்படியே நின்றது. "ஏண்ணா? அவ போனா பிரிவே போயிடுமே. உனக்குத் தெரியாததா?"

"தெரியும். அஞ்சாவதுக்கு அப்பறம் அவ எங்க போவா? ஐஸ்கூல்ல தமிழ் கீதா? திருத்தணிக்கி அனுப்பினா அந்த சர்டிபிகேட்டை இங்க எவன் மதிக்கிறான்? அந்தப் பையன் அழுதது பாத்தியா, இல்லியா?"

"பாத்தேன். அப்போ ஊர்ல மத்த பிள்ளைங்களுக்கு மட்டும் இன்னா சொன்னே? அதுங்க எங்க போவும்?"

நைனா சோற்றையே பிசைந்துகொண்டிருந்தார்.

"ஊருக்குத்தான் உபதேசமா?" என்றாள் அத்தை.

"என் பொண்ணு, நான் முடிவு பண்றேன்" என்றார். "நீ தெலுங்கு பரீட்சை எழுதி பாஸ் பண்ணிடு. எங்கனா போஸ்டிங் குடுப்பாங்க. நான் போய் பேசறேன்."

பாராளுமன்றம், சட்டசபை, ஜில்லா, சமிதி என்று இத்தனை வாசலிலும் எங்களுக்கு ஒரு அதிகாரமும் கிடைக்கவில்லை. ஒரே ஒரு அதிகாரம் எங்கள் வீட்டுக்குள் இருந்தது. பிள்ளையைத் தட்டிக்கு எந்தப் பக்கம் உட்கார வைப்பது என்பது. அதில் தில்லி தலையிட முடியாது, ஐதராபாத் தலையிட முடியாது. அதை வைத்துத்தான் நைனா தங்கையின் கழுத்தை அறுத்தார். அவர் சொன்ன காரணத்தில் ஒரு பொய்யும் இல்லை. அதனால்தான் எனக்கு இன்றும் ஆறவில்லை. பொய் சொல்லியிருந்தால் மன்னித்திருப்பேன்.

பள்ளி திறந்த அன்று காலையில் என் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார். ஹாலுக்குள் நுழைந்ததும் என் கால் பழக்கத்தில் தமிழ்ப் பக்கம் திரும்பியது. அவர் இழுத்தார். அத்தை மேசைக்கு அந்தப் பக்கம் எழுந்து நின்றாள். பிள்ளையை மாற்றுவதென்றால் இந்தப் பக்கத்து வருகைப் பதிவில் பெயரை அடித்துத் தர வேண்டியவள் அவள்தான். அடித்தாள். என்னைப் பார்த்து, "வெள்ளம்மா, ஆ பக்க கூச்சோ" என்றாள். போம்மா, அந்தப் பக்கம் உட்கார். என்னைப் பெறாத குறையாக வளர்த்தவள் என்னிடம் தெலுங்கில் பேசியது அதுதான் முதல் தடவை. நான் அழ ஆரம்பித்தேன். பிறகு நைனாவிடம் திரும்பினாள். "ஒச்சினந்துக்கு சந்தோஷமண்டி" என்றாள். வந்ததற்குச் சந்தோஷமுங்க. இன்ஸ்பெக்டர் வந்துபோனால் சொல்கிற வார்த்தை அது.

நைனா முதலில் அதைக் கேலி என்று நினைத்தார். அன்று ராத்திரி சாப்பாட்டிலும் அவள் "அன்னம் பெட்டமண்டாரா?" என்று கேட்டாள். சாதம் போடட்டுங்களா? அண்ணனை நீ, வா, போ என்று பேசிக்கொண்டிருந்தவள், நீங்கள் என்கிற 'மீரு' போட்டாள். அம்மாவிடமும் என்னிடமும் மறுபடி தமிழ்தான். அவரிடம் மட்டும் தெலுங்கு. சண்டை போடவில்லை, முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை. கேட்டதற்குப் பதில், கூப்பிட்டால் குரல், எல்லாம் மரியாதையாக. நைனா ஒரு நாள் தட்டைத் தூக்கி எறிந்தார். "நான் இன்னா ஆபீசரா உனக்கு?" என்று கத்தினார். அத்தை தட்டை எடுத்துக் கழுவி வைத்துவிட்டு, "சித்தமண்டி" என்றாள். ஆகட்டுமுங்க.

இன்ஸ்பெக்டர் வந்து எண்ணினார். பிரிவை எடுத்துவிட்டார்கள். தட்டியைக் கழற்றித் தலைமை ஆசிரியர் வீட்டு மாட்டுக் கொட்டகைக்கு மறைப்பாகக் கொண்டுபோனார்கள். ஹால் பெரிதாகிவிட்டது என்று பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம்.

அத்தை தெலுங்குப் பரீட்சை எழுதவில்லை. வேலூரில் வாங்கிய தகுதியைக் காட்டிச் சென்னை ராஜ்யத்தில் வேலை கேட்டாள். நீ ஆந்திராவின் ஊழியை, அவர்கள்தான் உனக்குப் பொறுப்பு என்றார்கள். ஆந்திராவில், பரீட்சை எழுதாதவளுக்கு நாங்கள் பொறுப்பில்லை என்றார்கள். இரண்டு பேர் சொன்னதும் சட்டப்படி சரி. கடைசியில் திருத்தணியில் ஒரு தனியார் பள்ளியில் தற்காலிக ஆசிரியையாகச் சேர்ந்து, தலை நரைக்கிறவரை தற்காலிகமாகவே இருந்தாள். மலையடிவாரத்தில் ஒரு அறை. பென்ஷன் கிடையாது. ரிட்டயர் ஆன அன்று ஒரு குத்துவிளக்கு கொடுத்தார்கள்.

நான் தட்டிக்கு அந்தப் பக்கம் போய் ஒரு வருஷம் ஊமையாக உட்கார்ந்திருந்தேன். பிறகு பிடித்துக்கொண்டேன். தெலுங்கு எனக்கு நன்றாக வந்தது. அந்தப் பாஷைமேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. எனக்குச் சோறு போட்ட பாஷை. திருப்பதியில் படித்தேன், திருப்பதியிலேயே வேலை கிடைத்தது. நைனாவின் கணக்கு தப்பவில்லை. ஊரில் எல்லோரிடமும், "அன்னிக்கி நான் மாத்தலைன்னா என் பொண்ணு லெக்சரர் ஆயிருப்பாளா?" என்று கேட்பார். அவர் சொல்வது உண்மை. மாதம் பிறந்தால் என் பென்ஷன் பாங்கில் விழுகிறது. அத்தைக்கு விழ வேண்டியதைத்தான் நான் தின்றுகொண்டிருக்கிறேன் என்று தோன்றும். அத்தை அப்படிச் சொன்னதே இல்லை. நகரியில் ரயிலேறி அவளைப் பார்க்கப் போனால், "வாடி கண்ணு, துன்னியா?" என்றுதான் கேட்பாள். கதவைத் திறக்கும்போதே எனக்கு அழுகை வரும்.

நைனாவுக்குக் கை கால் இழுத்துக்கொண்டது. நான் வேலையில் இருந்த வருஷங்களில்தான் அது. திருப்பதி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து சேர்த்தேன். திருச்சானூர் சாலையில் அப்போது எனக்கு வீடு. காலையில் ஆஸ்பத்திரி, பிறகு கல்லூரி என்று ஓடிக்கொண்டிருந்தேன். வாய் ஒரு பக்கம் கோணி, பேச்சு குழறியது. தெலுங்கு அவரைவிட்டுப் போய்விட்டது. டாக்டர் கேட்பதற்கெல்லாம் தமிழிலேயே பதில் சொன்னார், டாக்டர் என்னைப் பார்த்தார். "அவளை வரச் சொல்லு" என்று ஒரே பிடிவாதம்.

அத்தை பஸ்ஸில் வந்து சேர்ந்தாள். பையில் ஆரஞ்சுப் பழம். கட்டிலருகே போய் நின்று, "எலா உன்னாரண்டி?" என்றாள். எப்படி இருக்கிறீர்கள்? எனக்கு அவளை அறையலாம்போல இருந்தது. அதே சமயம் அவள் காலில் விழலாம்போலவும் இருந்தது.

நைனா அவள் கையைப் பிடித்துக்கொண்டார். கண்ணீர் காதுக்குள் இறங்கியது. "ஏம்மா, சாவறப்பயாவது எங்கூட தமிழ்ல ஒரு வார்த்தை பேசக்கூடாதா? நான் உன் அண்ணன்டி" என்றார். குழறலில் அது எனக்கே பாதிதான் புரிந்தது. அவளுக்கு முழுக்கப் புரிந்திருக்கும்.

அத்தை கையை உருவிக்கொள்ளவில்லை. மறு கையால் அவர் வாயோரத்தைத் துடைத்துவிட்டாள். போர்வையை இழுத்துச் சரிசெய்தாள்.

"மீரே கதண்டி ராயிஞ்சிந்தி" என்றாள்.

நீங்கள்தானேங்க எழுத வைத்தது.

கோபமாகச் சொல்லவில்லை. எங்கள் ஊருக்கு யார் வந்தாலும் கொடுக்கிற, அன்று கணக்கெடுக்க வந்த வாத்தியாருக்கு நைனா கொடுத்த அதே மரியாதையோடு சொன்னாள். நைனா சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து ஆரஞ்சை உரிக்கத் தொடங்கினாள். சுளை சுளையாக நார் எடுத்து, விதை எடுத்து, அவர் வாயில் வைத்தாள். எனக்கு முதல் வகுப்புக்கு நேரமாகியிருந்தது. ஜூலை மாதம். கல்லூரிக்குப் போய்க் கரும்பலகையில் மூன்று கட்டம் போட்டேன்.